நெஃப்ரோடிக் குழந்தைக்கு ரத்தம் ஏன் உறைகிறது, எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: என் 5 வயது மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய். இது இரண்டாவது ரிலாப்ஸ், அதாவது சரியான நோய் திரும்பி வந்திருக்கிறது. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 1.6-க்கு இறங்கிவிட்டது. முகமும் காலும் நன்றாக வீங்கியிருக்கின்றன. "ரத்தம் எங்கும் உறைந்துவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். சிறுநீரகத்தில் கோளாறு என்றால் ரத்தம் ஏன் உறைய வேண்டும்? எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது? முன்கூட்டியே ஆஸ்பிரின் கொடுத்துவிடலாமா? வீக்கம் சீக்கிரம் வடிய, குடிக்கும் தண்ணீரைக் குறைத்து, நீர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டலாமா?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். தண்ணீரையும் நீர் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் வீட்டில் கூட்டிக் குறைக்க வேண்டாம். இந்த நோயில் ரத்தம் உறைவதற்கான காரணங்கள் பலவற்றை நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் இருக்கும் சிலவற்றில் முக்கியமானது இதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் உறைய வைக்கும் புரதங்களும் உண்டு, உறையாமல் தடுக்கும் புரதங்களும் உண்டு. வண்டியின் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மாதிரி. இரண்டும் சரியாக இருப்பதால்தான் அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைந்து நிற்கிறது, மற்ற இடங்களில் தடையில்லாமல் ஓடுகிறது. பிரேக்குகளில் முக்கியமானது ஆன்டித்ராம்பின் என்ற புரதம். அதன் மூலக்கூறு எடை சுமார் 58,000. அல்புமினுடையது சுமார் 66,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால், சிறுநீரக வடிகட்டியில் அல்புமின் நழுவிப்போகிற வழியிலேயே ஆன்டித்ராம்பினும் போய்விடுகிறது. உறைந்ததைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன், இன்னொரு தடுப்புப் புரதமான புரோட்டீன் எஸ் ஆகியவையும் கூடவே வெளியேறுகின்றன. காலையில் சிறுநீரில் புரதம் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டை 3+, 4+ என்று காட்டுகிறதே, அந்தச் சிறுநீரில் இவையும் சேர்ந்துதான் போகின்றன.

ஆக்சிலேட்டர் பக்கம் கதையே வேறு. ரத்தம் உறையும்போது வலை பின்னுகிற ஃபைப்ரினோஜன் மிகப் பெரிய மூலக்கூறு, எடை சுமார் 3,40,000. அது வடிகட்டியைத் தாண்டிப் போவதில்லை. அதோடு, அல்புமின் குறைவதைப் பார்த்துக் கல்லீரல் மும்முரமாகப் புரதங்களைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. அல்புமின் தயாரான வேகத்திலேயே சிறுநீரில் போய்விட, கூடவே தயாரான ஃபைப்ரினோஜனும் வேறு சில உறைவுக் காரணிகளும் ரத்தத்திலேயே தங்கிச் சேருகின்றன. தட்டணுக்களும் வழக்கத்தைவிட எளிதாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கொலஸ்ட்ரால் ஏறுவதும் இதே கல்லீரல் மும்முரத்தின் ஒரு பகுதிதான்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பதில் அல்புமினுக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் நீர் குழாயிலிருந்து திசுக்களுக்குக் கசிகிறது. நாம் வெளியிலிருந்து பார்க்கும்போது முகம் உப்பி, கால் வீங்கி, வயிறு பருத்து, உடம்பு முழுக்கத் தண்ணீராகத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. குழாய்க்குள்ளே நீர் குறைந்து ரத்தம் கெட்டியாகியிருக்கலாம். வீங்கிய குழந்தை உள்ளுக்குள் வறண்டு கிடக்கலாம் என்பதைப் பெற்றோருக்குப் புரிய வைப்பதுதான் கடினம். நம்புவதற்குச் சிரமமாக இருந்தாலும் உண்மை அதுதான். அந்த நிலையில் நீர் மாத்திரையைக் கூட்டினால் அது முதலில் இழுப்பது குழாய்க்குள் மிச்சமிருக்கும் நீரைத்தான். ரத்தம் இன்னும் கெட்டியாகும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ரத்தக்குழாயிலும் நீர் அதிகமாக இருக்கும். அவர்களுக்கு நீர் மாத்திரை அவசியம். யார் எந்த வகை என்பதை ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின், சிறுநீரில் சோடியம் அளவு எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. கை கால் சில்லென்று இருப்பது, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், வயிற்றுவலி, சிறுநீர் மிகக் குறைந்துபோவது. நெஞ்செலும்பின் மேல் தோலை விரலால் 5 விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். 3 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால், அதுவும் கை கால் சில்லென்று இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரும் நாள்தான் ஆபத்தான நாள். நீர் வெளியே போகிறது, குழந்தை குடிப்பதில்லை, நீர் மாத்திரையும் வழக்கம்போல் உள்ளே போகிறது. ரத்தம் கெட்டியாக இப்படி ஒரு நாள் போனாலே போதும். அந்த நேரத்தில் அடுத்த வேளை நீர் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இந்த நோய்க்கான முக்கிய மருந்தான ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வாந்தியில் அது வெளியே வந்துவிட்டால் அதையும் சொல்லுங்கள், ஊசியாகக் கொடுக்க வேண்டியிருக்கலாம். வீக்கத்தைக் கட்டுப்படுத்த வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது உப்பைக் குறைப்பதுதான். தண்ணீர் அளவை டாக்டர் சொன்னால் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் தாகத்துக்குக் கொடுங்கள்.

அடுத்தது, எவ்வளவு பயப்பட வேண்டும் என்பது. நெஃப்ரோடிக் வந்த பெரியவர்களில் நாலில் ஒருவருக்குக்கூட ரத்த உறைவு வரலாம் என்று சொல்வார்கள். குழந்தைகளில் அது நூற்றுக்கு மூன்று பேர் என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது. அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைகளையும் ஸ்கேன் செய்து பார்த்தபோது நுரையீரலில் சிறு உறைவுகள் தெரிந்ததுண்டு, ஆகவே உண்மையான எண்ணிக்கை கொஞ்சம் கூடவே இருக்கலாம். வயதும் நோயின் வகையும் பெரிய வித்தியாசம் செய்கின்றன. 12 வயதைத் தாண்டியவர்கள், பிறந்த சில மாதங்களிலேயே நெஃப்ரோடிக் வந்தவர்கள், மெம்பரேனஸ் வகை (சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப்போகும் வகை) உள்ளவர்கள், லூபஸ் என்ற நோய் எதிர்ப்புக் கோளாறு காரணமாகச் சிறுநீரகம் பாதித்தவர்கள், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். உங்கள் மகன் 5 வயது, ஸ்டீராய்டு கொடுத்து முதல் முறை சரியானவன் என்றால், ஆபத்து குறைந்த கூட்டத்தில்தான் இருக்கிறான். ஆனால் அல்புமின் 2-க்குக் கீழே இருக்கும் இந்த நாட்கள் அவனுக்கும் கவனமான நாட்கள். உறைவுகளில் பாதிக்கு மேல் நோய் கண்டுபிடித்த முதல் 3 மாதங்களில்தான் வருகின்றன. பின்னால் வரும் ரிலாப்ஸிலும் வரலாம்.

இனி எதைக் கவனிப்பது என்று பார்ப்போம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சிரைகளில், அதாவது இதயத்துக்குத் திரும்பும் ரத்தக்குழாய்களில்தான் உறைவு வருகிறது. எந்தச் சிரை என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

நான் முதலில் சொல்ல விரும்புவது மூளையில் வரும் உறைவு. மண்டைக்குள் ரத்தத்தை வடிக்கும் பெரிய சிரைகள் அடைபடும்போது தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, சில சமயம் வலிப்பு. சிக்கல் என்னவென்றால், சாதாரண வயிற்று வைரஸுக்கும் தலைவலி, வாந்தி, சோர்வு வரும். அதனால் இது எளிதில் நழுவிவிடுகிறது. சின்னக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. அழும், தலையைப் பிடித்துக்கொள்ளும், வெளிச்சம் பிடிக்காமல் முகத்தைத் திருப்பும், வழக்கமாக ஓடும் குழந்தை மடியிலேயே கிடக்கும். நெஃப்ரோடிக் குழந்தை, அல்புமின் குறைவு, தலைவலியோடு வாந்தி என்ற மூன்றும் சேர்ந்தால், "வயிறு சரியில்லை போல" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் "இவனுக்கு நெஃப்ரோடிக், அல்புமின் இவ்வளவு, மூளையில் உறைவு இருக்குமோ என்று பார்க்க வேண்டும்" என்று வாயைத் திறந்து கேளுங்கள். சாதாரண சி.டி. ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம். சிரைகளையே படமெடுக்கும் எம்.ஆர். வெனோகிராம் அல்லது சி.டி. வெனோகிராம் வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

காலில் வந்தால் அடையாளம் ஓரளவு எளிது. நெஃப்ரோடிக் வீக்கம் இரண்டு காலிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஒரு கால் மட்டும் அதிகமாக வீங்கி, வலித்து, சூடாகவோ நிறம் மாறியோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வார்டில் டேப் வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்து எழுதிவைப்பது வழக்கம். வீட்டிலும் தினம் ஒரு முறை செய்யலாம், ஒரு நிமிட வேலை. இரண்டு அளவுக்கும் இடையில் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் செய்ய வேண்டும். கழுத்தில் அல்லது தொடையில் குழாய் போட்டிருந்தால் அந்தப் பக்கக் கையையோ காலையோ கூடுதலாகக் கவனியுங்கள்.

சிறுநீரகச் சிரையில் வந்தால் விலாப்பக்கம் வலியும், சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தமும் வரலாம். தட்டணுக்கள் குறையும், ஸ்கேனில் அந்தச் சிறுநீரகம் பெருத்துத் தெரியும். மெதுவாக உறைந்தால் ஒரு அறிகுறியும் இல்லாமலும் போகலாம். நெஃப்ரோடிக் குழந்தையின் வயிற்றுவலியை எப்போதும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிற்று நீரில் கிருமித் தொற்று, ரத்தக்குழாயில் நீர் வற்றுவது, சிரை உறைவு என மூன்றுமே வயிற்றுவலியாக வரலாம். மூன்றுமே அவசரம்தான்.

நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், நாடி வேகம், ஆக்சிஜன் அளவு குறைவு. இதை வயிற்றில் நீர் சேர்ந்ததால் வரும் மூச்சு முட்டல் என்று நினைத்துவிடுவதுண்டு. திடீரென்று வந்தது என்றால் உடனே கிளம்புங்கள். தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயில், உறைவது அரிது. கை அல்லது கால் வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்தால் அது மணிக்கணக்கில் காத்திருக்கும் விஷயம் இல்லை.

ஆஸ்பிரின் பற்றிக் கேட்டீர்கள். நீங்களாகக் கொடுக்க வேண்டாம். எல்லா நெஃப்ரோடிக் குழந்தைக்கும் முன்கூட்டியே உறைவுத் தடுப்பு மருந்து கொடுப்பது இன்றைய வழக்கம் இல்லை, அதனால் நன்மை அதிகம் என்று காட்டும் ஆதாரமும் போதாது. முன்பே உறைவு வந்தவர்கள், அல்புமின் மிகக் குறைந்து அதோடு வேறு ஆபத்துகளும் உள்ளவர்கள், மெம்பரேனஸ் வகைக்காரர்கள் என்று தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஃப்ளூ, சின்னம்மை போன்ற வைரஸ் காய்ச்சலின்போது குழந்தைகளுக்குக் கொடுத்தால் ரெய் சிண்ட்ரோம் என்ற கடுமையான கல்லீரல், மூளைப் பாதிப்பு வரலாம். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கும் வழி. காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளும் இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆகாது.

மருந்தில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வீக்கம் என்பதற்காகக் குழந்தையைப் படுக்கையில் கட்டிப்போடாதீர்கள். நடக்கட்டும், விளையாடட்டும். ஒரே இடத்தில் கிடந்தால் காலில் ரத்தம் தேங்கும். காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள், தொற்றும் உறைவைத் தூண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கத் தொடைச் சிரையில் ஊசி போடப் போனால் "கையில் எடுக்க முடியுமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நெஃப்ரோடிக் குழந்தைகளுக்குத் தொடையில் குத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்பது பல காலமாகச் சொல்லப்படுவது. பெரிய சிரைக்குள் செருகி வைக்கும் சென்ட்ரல் லைன் குழாயைப் போடுவதும் அப்படித்தான். அவசியம் இருந்தால் மட்டும் போட்டு, வேலை முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். பதின்வயதுப் பெண் பிள்ளைக்கு மாதவிடாய்ப் பிரச்சினைக்காக ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதினால், நெஃப்ரோடிக் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அதுவும் உறைவைக் கூட்டும்.

உறைவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதலில் கொடுப்பது ஹெப்பாரின் வகை மருந்து. இப்போது பெரும்பாலும் எனாக்சபாரின் என்ற தோலடி ஊசி, வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. ஹெப்பாரின் தானாக உறைவைத் தடுப்பதில்லை, ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ராம்பினைத் தூண்டித்தான் வேலை செய்கிறது. அந்த ஆன்டித்ராம்பினோ சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் வழக்கமான அளவு சிலருக்குப் போதாது. ஊசி போட்ட 4 முதல் 6 மணி நேரம் கழித்து ஆன்டி-டென்ஏ (anti-Xa) என்ற ரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிசெய்கிறார்கள், 0.5 முதல் 1.0 வரை இருக்க வேண்டும். மறுபக்கம், கிரியேட்டினின் ஏறியிருக்கும், அதாவது சிறுநீரகம் சரியாக வடிகட்டாத குழந்தைக்கு எனாக்சபாரின் சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடும், அப்போது அளவைக் குறைக்க வேண்டும். பரிசோதனைக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள், காரணம் இதுதான்.

சில குழந்தைகளைப் பிறகு வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றுவார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். வார்ஃபரின் ஏறக்குறைய முழுவதும் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கும் மருந்து. ரிலாப்ஸ் சரியாகி அல்புமின் ஏறும்போதும் மறுபடி இறங்கும்போதும் ஐ.என்.ஆர். தாறுமாறாக மாறும். புதிதாக ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாலும் மாறும். ரிவரோக்சபான், டாபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு 2021-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் புரதம் ஒழுகிக்கொண்டிருக்கும் குழந்தைகளில் அவற்றைப் பயன்படுத்திய அனுபவம் குறைவு. டாக்டர் பழைய மருந்தையே எழுதினால் அது அக்கறையில்தான்.

எவ்வளவு காலம் என்றால், குறைந்தது 3 மாதம், பெரும்பாலும் அதற்கு மேலும், நெஃப்ரோடிக் நிலை நீடிக்கும்வரை. புரதம் ஒழுகுவது நின்று அல்புமின் ஏறிவிட்டால் ஆன்டித்ராம்பினும் தானாகத் திரும்பி வந்துவிடும். அதனால் உறைவுக்கான உண்மையான வைத்தியம் ரிலாப்ஸை அடக்குவதுதான். ஸ்டீராய்டை டாக்டர் சொன்னபடி ஒரு வேளையும் விடாமல் கொடுங்கள். உறைவுத் தடுப்பு மருந்து நடக்கும் காலத்தில் தசையில் ஊசி வேண்டாம். பல் ஈறில் ரத்தம், கறுத்த மலம், தலையில் அடி என்று எது நடந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக ஒரு வார்த்தை. சிறுநீரக நோயில் வரும் எல்லா உறைவும் ஒன்றல்ல. வயிற்றுப்போக்குக்குப் பிறகு வரும் ஹெச்.யூ.எஸ். (ஹீமோலிட்டிக் யுரேமிக் சிண்ட்ரோம்) என்ற நோயில் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் உறைவு ஏற்படுகிறது, தட்டணுக்கள் சரிகின்றன. அதற்கு வைத்தியம் வேறு, மேலே சொன்ன ஊசிகளை வழக்கமாகக் கொடுப்பதில்லை. பிறந்த குழந்தைக்கு, குறிப்பாகத் தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ குழந்தைக்கு நீர் வற்றினாலோ சிறுநீரகச் சிரை உறையலாம். விலாவில் கட்டி போலத் தட்டுப்படுவதும் சிறுநீரில் ரத்தம் வருவதும் அதன் அடையாளம். டயாலிசிஸ் குழாய் போட்ட குழந்தைக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய சின்னக் குழந்தைக்கும் உறைவு ஒரு தனிப் பிரச்சினை. அவர்கள் தங்கள் டாக்டர் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

உங்கள் மகனுக்கு இந்த ரிலாப்ஸ் உறைவில்லாமல் கடந்துவிடத்தான் வாய்ப்பு அதிகம். ஒருவேளை வந்து சரியானால், அடுத்த ரிலாப்ஸில் அல்புமின் இறங்கியதுமே தடுப்பு ஊசியை ஆரம்பிப்பதா என்று டாக்டர் யோசிப்பார். அதற்கு உறைவு எங்கே வந்தது, எந்தத் தேதியில், அன்று அல்புமின் எவ்வளவு, என்ன மருந்து எந்த அளவில் கொடுத்தார்கள் என்ற விவரம் வேண்டும். புரதம் பார்த்து எழுதும் நோட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதிவைத்துவிடுங்கள்.